அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் போன் பண்ணினாள். பெங்களூரில் பேகூர் பக்கம் இருக்கிறாள், வீட்டு ஓனர் வாடகையை ஒரேயடியாக மூவாயிரம் ஏற்றிவிட்டாராம். "அக்கா, ஓசூருக்கு வந்துட்டா மாசம் எவ்வளவு மிச்சமாகும்? ஒரு நம்பர் மட்டும் சொல்லு" என்றாள். அந்த ஒரு நம்பரைச் சொல்ல முடியாமல் முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் அவளே "குக்கர் விசில் வருதுக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன், அவளுக்கு லிங்க் அனுப்பினால் போச்சு.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. கல்யாணமாகி ஒன்பது வருடம் பெங்களூர் சிங்கசந்திராவில் இருந்தோம், 2024 ஜூனில் ஓசூருக்கு வந்தோம். அவருக்கு வேலை இன்னும் எலக்ட்ரானிக் சிட்டியில்தான். வீடு தமிழ்நாட்டில், சம்பளம் கர்நாடகாவில், நடுவில் எல்லை ஊர் அத்திப்பள்ளி. ஜவுளிக்கடையில் வருடா வருடம் கொடுக்கும் டைரியில் செலவு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு, அதனால் இரண்டு ஊர்க் கணக்கும் கையில் இருக்கிறது. கீழே வருகிற எங்கள் வீட்டுக் கணக்கு, விலை, அரசு விதி எல்லாம் 2025 அக்டோபர் வரை உள்ளது.

முதலில் வாடகை, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். சிங்கசந்திராவில் கடைசியாகக் கொடுத்தது 22,000, மெயின்டனன்ஸ் 2,500 தனி. இங்கே பாகலூர் ரோட்டுப் பக்கம் அதே அளவு வீடு 11,500, மாடிப்படி விளக்குக்கும் மோட்டாருக்கும் 300. அட்வான்ஸ் அங்கே ஒன்றரை லட்சம், இங்கே 70,000. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. அந்தத் 'தவிர' ஒன்று போதும் ஓனர்களுக்கு. ஆறு மாதம் கேட்டார், கொடுத்தோம்.

காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை பெயின்டிங் என்று பிடித்துக்கொள்வது பெங்களூர் வழக்கம், அக்ரிமென்ட்டிலேயே எழுதி வைத்திருப்பார்கள். நாங்கள் கடைசி வீட்டில் இருந்தது வெறும் 13 மாதம். அதற்கும் முழுசாகப் பிடித்தார்கள். சரி, போகட்டும் என்று வந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து எதிர் வீட்டு அம்மா வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார், அடுத்த குடித்தனம் பால் காய்ச்சிய போட்டோ. பின்னால் சுவரில் என் பையன் ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த யானை அப்படியே நிற்கிறது, தும்பிக்கை கூட அழியவில்லை. 22,000 ரூபாய் யானை.

அந்த வீட்டை விட்டு வந்ததற்கு வாடகை மட்டும் காரணம் இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் வற்றி, நாள் விட்டு நாள் டேங்கர். மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது, 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரி 1,000 ரூபாய் என்று. எங்களுக்கு வந்த லாரிக்காரர் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை போலிருக்கிறது, 1,800க்குக் குறைந்து வண்டியைத் திருப்ப மாட்டேன் என்றார். வீட்டுக்கு 2,100 ரூபாய் அந்த ஒரு மாதம் மட்டும் கூடுதலாகப் போனது. ஆனால் குடிதண்ணீரில் பெங்களூரை அடித்துக்கொள்ள முடியாது. தெருமுனை சுத்திகரிப்பு நிலையத்தில் நாங்கள் இருந்தபோது 5 ரூபாய் காயின் போட்டால் 20 லிட்டர் கேனில் கொட்டியது, சுமந்து வருவதுதான் நம் பாடு. இங்கே கேன் தண்ணீர் 35 ரூபாய், மாதம் பத்துப் பன்னிரண்டு கேன் ஆகிறது. ஓசூருக்கு ஒகேனக்கல் தண்ணீர், பெங்களூருக்கும் காவிரிதான். ஒரே ஆற்றை இரண்டு ஊரில் இரண்டு விலைக்குக் குடித்திருக்கிறேன். (தென்பெண்ணையில் மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு நுரை நுரையாக வரும் பாருங்கள், அதை மட்டும் பெங்களூர் நமக்கு இலவசமாகவே அனுப்புகிறது.)

அடுத்து கரன்ட். இதில்தான் சித்தி மகளுக்குத் தலை சுற்றிவிட்டது. கர்நாடகாவில் 2023 ஆகஸ்டிலிருந்து கிருஹ ஜோதி என்று மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் 200 கிடையாது, அந்த மீட்டரில் 2022-23இல் சராசரியாக எவ்வளவு ஓடியதோ அதோடு 10 சதவீதம் சேர்த்து அந்த அளவு வரைக்கும்தான். நாங்கள் அந்த வீட்டுக்குப் போனது 2023 மே மாதம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இரண்டு பேச்சுலர்கள், காலையில் போய் ராத்திரி வருகிறவர்கள், ஃபிரிட்ஜ் கூட வைத்திருக்கவில்லையாம். ஆக எங்கள் இலவசம் மாதம் அறுபத்துச் சொச்சம் யூனிட். முகம் தெரியாத இரண்டு பையன்கள் சிக்கனமாக இருந்ததற்கு நாங்கள் மாதா மாதம் பில் கட்டினோம். எதிர் வீட்டு அம்மாவுக்கு நல்ல சராசரி இருந்தது, பில் பூஜ்ஜியம், ஆனால் ஒரு ஏப்ரலில் பேத்திகள் வந்து கூலர் ஓடி 203 யூனிட் ஆகிவிட்டது. 200ஐத் தாண்டினால் மூன்று யூனிட்டுக்கு மட்டும் காசு இல்லை, முழு பில்லும் கட்ட வேண்டும். யூனிட்டுக்கு ஆறு ரூபாய்க்குக் கிட்ட, அதோடு கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம், வரி. ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிட்டது. அந்த அம்மா ஒரு வாரம் பேத்திகளைப் பற்றிப் பேசவே இல்லை.

இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், சராசரி கிராசரி என்று எதுவும் கேட்பதில்லை, 2016இலிருந்து இருக்கிறது. வீட்டுக்கு நிலைக்கட்டணமும் கிடையாது. ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள், அது 500இல் இருக்கிறது. 500க்குள் முடிந்தால் ஒரு விலைப்பட்டியல், 501 ஆனால் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து வேறு பட்டியல். அந்த ஒரு யூனிட் இருநூறு ரூபாய்க்கு மேல் பிடுங்கிவிடும். அதனால் ரீடிங் எடுக்க வருகிற வாரத்தில் நான் டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், பையன் என்னை "ஈபி அம்மா" என்று கூப்பிடுகிறான். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 270லிருந்து 320 வரை ஓடுகிறது. ஓசூர் குளிர் ஊர் என்பதால் ஏசி இல்லாமல் தப்பிக்கிறோம். சேலத்தில் இருந்திருந்தால் இந்தப் பத்தியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பால், காய்கறி எல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நந்தினி நீல பாக்கெட் முன்பெல்லாம் ஆவினைவிட ஒரு ரூபாயாவது குறைவாக இருக்கும், பெங்களூர்க்காரர்கள் அதைப் பெருமையாகவே சொல்வார்கள். 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 4 ரூபாய் ஏற்றிய பிறகு அது 46 ஆகிவிட்டது, ஆவின் நீலம் 40தான். ஆனால் ஏழு மணிக்கு மேல் எழுந்தால் எங்கள் தெருவில் ஆவின் இருக்காது, தனியார் பாக்கெட்தான் கிடைக்கும், விலையும் கூட. ஆக எனக்கு ஆவின் விலை என்பது அலாரத்தைப் பொறுத்தது. காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது, காலையில் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு வாங்கலாம். ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி மடிவாளா மார்க்கெட்டுக்கும் போகிறது. அங்கே வாங்கிக்கொண்டிருந்தபோது என் மாமியார் பையைப் பிரித்துப் பார்த்து, "ஏம்மா, நம்ம ஊர்த் தக்காளிக்கு பஸ் சார்ஜும் சேர்த்துக் குடுத்துட்டு வந்திருக்கியா?" என்பார்.

வெளியே சாப்பிடுவதில் மட்டும் என் ஓட்டு பெங்களூருக்குத்தான். நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி கடைகள் மாதிரி சுத்தமாக, வேகமாக, அந்த விலைக்கு இங்கே ஒன்றும் இல்லை. கேசரிபாத்தும் காராபாத்தும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்ட நாக்குக்கு ஓசூரில் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் இங்கே இரண்டாவது தடவை சாம்பார் கேட்டால் முறைக்க மாட்டார்கள்.

சினிமா நேர்மாறு. தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருப்பதால் எவ்வளவு பெரிய படமாக இருந்தாலும் கவுன்டர் விலை இருநூறைத் தாண்டாது. பெங்களூர் மல்டிபிளெக்ஸில் முதல் வாரம் நானூறு, ஐந்நூறு எல்லாம் சாதாரணம். 2025 செப்டம்பரில் கர்நாடகாவும் 200 ரூபாய் வரம்பு கொண்டுவந்தது, பத்துப் பதினைந்து நாளில் உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. பெரிய தமிழ்ப் படம் வந்தால் ஓசூர் தியேட்டர் வாசலில் கேஏ நம்பர் பிளேட்டாகவே நிற்கும். பெட்ரோல் போட்டு வந்தும் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

சரி, இப்போது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். விலை என்பது கடையில் எழுதியிருப்பது இல்லை, உங்கள் ஆதாரில் எந்த மாநில முகவரி இருக்கிறது என்பதுதான் பாதி விலை. பெங்களூரில் இருந்த ஒன்பது வருடமும் என் ஆதாரில் பாலக்கோடு முகவரி. 2023 ஜூன் 11 அன்று சக்தி திட்டம் வந்தது, கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. மறுநாள் நானும் ஆசையாக பிஎம்டிசி என்கிற பெங்களூர் சிட்டி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கார்டைக் கேட்டார், நீட்டினேன். புரட்டிப் பார்த்து, "இது தமிழ்நாடு அல்வா?" என்றார். கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'இல்லையா' என்று அர்த்தம். எனக்குக் கிடைத்தது தமிழ் அல்வா. 20 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினேன், பக்கத்தில் இருந்த பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், பாவம், சிரிப்பை அடக்கத்தான்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்தே டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், யாரும் கார்டு கேட்பதில்லை. நீங்கள் பீகாரிலிருந்து நேற்று வந்திருந்தாலும் ஏறி உட்காரலாம். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊரை நான் எங்கே வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்காமல் பேசுவேன். காசு கொடுத்துப் போகிற பஸ்ஸிலும் 2018க்குப் பிறகு இங்கே கட்டணம் ஏற்றவில்லை, அங்கே 2025 ஜனவரியில் 15 சதவீதம் ஏற்றினார்கள்.

ரேஷனும் அப்படித்தான். ஒன்பது வருடம் எங்கள் பெயர் பாலக்கோட்டு அட்டையில் இருந்தது, பொருளை மாமியார் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரே நாடு ஒரே ரேஷன் என்கிறார்களே, பெங்களூரிலேயே வாங்கலாமே என்று கேட்டால், எங்களுடையது முன்னுரிமை இல்லாத அட்டை, அது மாநில எல்லையைத் தாண்டினால் செல்லாது. ஓசூர் வந்து ஆதார் முகவரியை மாற்றி, பழைய அட்டையில் பெயர் நீக்கி, புது அட்டை கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. வந்த பிறகு துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் பாக்கெட் 25, சர்க்கரை கிலோ 25, அரிசி இலவசம். அரிசி இட்லிக்குத்தான் போகிறது, சோற்றுக்கு வெளியில் பொன்னி வாங்குகிறோம். எப்படிப் பார்த்தாலும் மாதம் ஐந்நூறு அறுநூறு தேறுகிறது. இவ்வளவு நாள் இந்தப் பணம் இல்லாமல்தான் இருந்தோம், ஆனால் அந்த ஏழு மாதம் மட்டும் எனக்குத் தினமும் நஷ்டமான மாதிரியே இருந்தது, மனசு அப்படி. பெண்களுக்குக் கொடுக்கிற மாதாந்திரத் தொகை, அங்கே 2,000, இங்கே 1,000, இரண்டுமே எங்களுக்கு வராது. வரி கட்டுகிற வீடு.

ஸ்கூல் பீஸ் பெங்களூரில் வருடம் 95,000, இங்கே 58,000. இதில் மறைந்திருந்த செலவு தமிழ். பையன் மூன்றாவது வரை கன்னடம் படித்தவன், இங்கே நாலாவதில் தமிழ் எழுத வேண்டும். ட்யூஷன் மாதம் 700. முதல் மாதம் 'ம' எழுதச் சொன்னால் கன்னட 'ம' எழுதிவிட்டு, "இதுவும் ம தானே மா?" என்றான். தானே. இப்போது பஸ் ஸ்டாண்டில் இரண்டு பக்க போர்டையும் படித்துக் காட்டுகிறான், என்னால் முடியாது.

இனி அவருடைய பக்கம். சிங்கசந்திராவில் இருந்தபோது கம்பெனி பஸ், 25 நிமிடம். இப்போது பைக். போக வர 44 கிலோமீட்டர், தினம் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,300 ரூபாய். பெட்ரோல் இரண்டு பக்கமும் 102, 103 என்றுதான் இருக்கிறது, எல்லையில் போட்டால் லாபம் என்பதெல்லாம் டீசல் லாரிக்காரர்களுக்குச் சொன்னது, அவர்களுக்கும் கர்நாடகா 2024லும் 2025லும் வரியை ஏற்றியதில் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. பைக்குக்கு டோல் இல்லை, அது ஒரு புண்ணியம். ஆனால் சந்தாபுரா சிக்னலில் நிற்கிற நேரத்துக்கு யார் பில் போடுவது? போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் வழித்தடம் திறந்தார்கள், பொம்மசந்திரா வரைக்கும். ஓசூருக்கு நீட்டுவதாகப் பேச்சு இருக்கிறது. பேச்சைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போக முடியாது.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஸ்கூலை விட்டுவிட்டுப் பார்த்தால், மாதம் பத்தாயிரம் மிச்சம் என்று டைரி சொல்கிறது. இதோ, சித்தி மகள் கேட்ட நம்பர். ஆனால் அவர் மாதம் 37 மணி நேரம் முன்பைவிடக் கூடுதலாக ரோட்டில் இருக்கிறார். வகுத்துப் பார்த்தேன், மணிக்கு 270 ரூபாய் வருகிறது. அந்த ரேட்டுக்கு அவரை ஓசூர் ரோட்டுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இதைச் சொன்னபோது ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "ஓவர்டைம் போட்டுக்கலாமா?" என்றார்.

அப்படியென்றால் ஓசூரிலேயே வேலை பார்க்கலாமே என்பார்கள். சிப்காட்டில் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. ஒரு இடத்தில் பேசியும் பார்த்தார். அவர்கள் சொன்ன சம்பளம் இப்போது வாங்குவதைவிட 18,000 குறைவு. பெங்களூர் விலையைத் திட்டிக்கொண்டே பெங்களூர் சம்பளத்தில்தான் ஓசூரில் மலிவாக வாழ்கிறோம். எங்களைப் போன்றவர்கள் வர வர இங்கே வாடகை ஏறுகிறது, இங்கேயே பிறந்து இங்கேயே சம்பாதிக்கிறவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையில் அது தெரிகிறது. எங்கள் ஓனருடைய தம்பியே ஒரு நாள் சொன்னார், "உங்களுக்கு இது சீப்பு மேடம், எங்களுக்கு இல்ல" என்று.

வீடு வாங்குவது பற்றியும் கேட்டாள். மனை விலை இங்கே குறைவுதான், ஆனால் பத்திரச் செலவில் ஏமாந்துவிடாதே என்றேன். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கர்நாடகாவில் 2025 ஆகஸ்டு கடைசியில் பதிவுக்கட்டணத்தை இரட்டிப்பாக்கின பிறகும் ஏழரையை ஒட்டித்தான் வருகிறது. நாற்பது லட்சத்துக்கு அந்த வித்தியாசம் அறுபதாயிரம்.

கடைசியாக எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை, ஆதார் இன்னும் கர்நாடக முகவரியில், வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருக்கிறார். காலையில் ஓசூரிலிருந்து ஜூஜூவாடி வரை நம் டவுன் பஸ், இலவசம். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் பிஎம்டிசி பஸ், கார்டைக் காட்டினால் அதுவும் இலவசம். ஒரு நேரடி பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போகலாம், ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் போகிற பஸ்ஸில் இரண்டு பக்க இலவசமும் செல்லாது. நடுவில் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையில் இருக்கிற அந்தத் துண்டு ரோட்டுக்கு மட்டும் ஷேர் ஆட்டோவில் 10 ரூபாய் கொடுப்பார், மழை இல்லாவிட்டால் நடந்தே போய்விடுவார்.

நேற்று மாடிப்படியில் பார்த்தபோது சொன்னார், ஆட்டோ 15 ஆக்கிவிட்டார்களாம்.